மொட்டைக்கு அந்தப் பக்கம்

சங்கரன்கோவிலில் நூல் மொத்த வியாபாரம் செய்துவந்த செல்லச்சாமியின் குடும்பத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பேசி முடித்தால், நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் அந்தப் பையனை மஞ்சப்பாறை மொட்டைக்குக் கூட்டிப்போய், அங்கே இருக்கும் சாஸ்தாவுக்குப் பொங்கல் வைத்துவிட்டு வரவேண்டும். சாஸ்தா அவர்களுக்குக் குலதெய்வம். செல்லச்சாமியின் தங்கை மாப்பிள்ளையும் அப்படிப் போய் வந்தவர்தான்.

மொட்டை ஒன்றும் பெரிய மலையில்லை. ராயகிரிக்கு மேற்கே, வானத்தை மறைத்துக்கொண்டு நிற்கும் பெரிய மலைகளுக்கு முன்னால், அது குத்தவைத்து உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். அடியிலிருந்து தோள்வரை அடர்ந்த காடு. உச்சியில் மட்டும் மரம் கிடையாது, புல்தான். அதனால்தான் மொட்டை. அந்தப் புல்வெளியின் நடுவில் எல்லைக் கல் நட்டிருக்கும். கல்லுக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கேரளம்.

எழுபத்தாறாம் வருஷம் ஆனிமாதக் கடைசியில் செல்லச்சாமி தன் மகள் பார்வதிக்குப் பேசியிருந்த வெள்ளத்துரையைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். வெள்ளத்துரை ராயகிரிப் பக்கம் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியார். பெண் பார்க்க வந்த அன்று காபி குடித்த டம்ளரைத் தானே எடுத்துப்போய் அடுப்படி வாசலில் வைத்துவிட்டு வந்தான். எந்த மாப்பிள்ளையின் போட்டோவைக் காட்டினாலும் மூக்கு சரியில்லை, முழி சரியில்லை என்று தட்டிக்கழித்துக்கொண்டிருந்த பார்வதி, அந்த டம்ளர் கதையைத் தன் அம்மா கோமதியம்மாளிடம் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்தாள். ஆவணியில் நிச்சயம் என்று முடிவாயிற்று.

வழித்துணைக்கு செல்லச்சாமி தன் சிநேகிதர் சேக் மைதீனையும் வரச் சொல்லியிருந்தார். மைதீனுக்குப் புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை. கேரளத்துக்குச் சரக்கு அனுப்புகிறவர். இளவட்டமாக இருந்த காலத்தில் மொட்டை ஏறி அந்தப் பக்கம் இறங்கி எஸ்டேட்டுகளுக்கெல்லாம் போய் வந்தவர் என்பதால் தடம் தெரியும்.

மூவரும் எலுமிச்சைத் தோப்புகளையும் தென்னந்தோப்புகளையும் தாண்டி உடைமரக் காட்டில் நுழைந்தபோது வெயில் ஏறவில்லை. ஓடையைத் தாண்டியதும் மரங்கள் நெருங்கி, தடம் பாறைமேல் படிப்படியாக ஏற ஆரம்பித்தது. பித்தளைப் பானை, அரிசி, வெல்லம், தேங்காய் எல்லாம் கட்டிய சாக்கை வெள்ளத்துரை தோளில் போட்டுக்கொண்டான். அவன் நினைத்திருந்தால் ஓடியே ஏறியிருப்பான். செல்லச்சாமிக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டு, எதையோ வேடிக்கை பார்க்கிறவன்போல அங்கங்கே நின்று நின்று நடந்தான். அவர் அதைக் கவனித்தார். மனசுக்கு இதமாக இருந்தது.

"பார்வதிக்கு மலை ஏறப் பிடிக்குமா மாமா?" என்று கேட்டான்.

"பொம்பளைப் பிள்ளை மலை ஏறி என்ன செய்யப் போகுது?"

"இல்ல, கல்யாணத்துக்குப் பெறவு ஒரு தடவை கூட்டிட்டு வரலாமேன்னு கேட்டேன்."

பின்னால் வந்த மைதீன் சிரித்தார். "கேட்டீராவே? மாப்பிள்ளை இப்பமே பிளான் போடுதாரு." செல்லச்சாமியும் சிரித்தார்.

பாதி மலைக்கு மேல் சாரல் பிடித்துக்கொண்டது. குளிர்ந்த காற்று மேற்கேயிருந்து மொட்டையைத் தாண்டி வந்து முகத்தில் அடித்தது. ஈர இலைகளிலிருந்து அட்டைகள் காலில் ஏறின. மைதீன் சுண்ணாம்பைத் தடவித் தடவி அவற்றை உதிர்த்தார். காடு முடிந்து புல்வெளி தொடங்குகிற இடத்துக்கு வந்தபோதுதான், தடத்துக்குக் கீழே பள்ளத்திலிருந்து அந்த முனகல் கேட்டது.

வெள்ளத்துரை சாக்கை இறக்கி வைத்துவிட்டுப் பள்ளத்தில் இறங்கினான். மைதீன் பாதி தூரம் இறங்கி எட்டிப் பார்த்தார். செல்லச்சாமி மேலேயே நின்றுவிட்டார். கொஞ்ச நேரத்தில் இருவரும் ஏறி வந்தார்கள்.

"ஒரு பொம்பளை, மாமா. அரிசிச் சுமையோட வழுக்கி விழுந்திருக்கு. தொடை எலும்பு முறிஞ்சிருக்கும்போலத் தெரியுது. நேத்து சாயங்காலத்துலயிருந்து கெடக்கு" என்றான் வெள்ளத்துரை.

அரிசி என்றதுமே செல்லச்சாமிக்கு விளங்கிவிட்டது. அந்த நாட்களில் இந்தப் பக்கத்து அரிசியைக் கேரளத்துக்குக் கொண்டுபோகத் தடை இருந்தது. ரோடுகளிலெல்லாம் செக்போஸ்ட். அதனால் ஏழைபாழைகள் தலைச்சுமையாகவே மலை தாண்டிக் கொண்டுபோய் விற்றார்கள். அந்தப் பெண்ணும் கூட்டத்தோடு வந்தவள்தான். ரோந்து வந்த கார்டுகளின் விசில் சத்தம் கேட்டு மற்றவர்கள் சிதறி ஓடியபோது இவள் விழுந்துவிட்டாள். பெயர் ஆமினாள். வடகரைப் பக்கத்துக்காரி, எஸ்டேட்டில் வேலை பார்த்த புருஷன் இறந்தபிறகும் அந்தப் பக்கமே தங்கிவிட்டவள். இதெல்லாம் வெள்ளத்துரை கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து சொன்னது.

"மைதீன் மாமா, அந்தப் பக்கம் எறங்குனா எஸ்டேட் ரோடு பக்கம்தானே?"

"பக்கம்தான். லாரி வரும். எஸ்டேட்டுல ஆஸ்பத்திரியும் உண்டு."

"அப்பம் நான் முதுகுல தூக்கிட்டு எறங்கிருதேன்."

செல்லச்சாமி குறுக்கே வந்து நின்றார். "என்ன பேசுதீரு மாப்ளே? கடத்தல் அரிசி கொண்டுவந்த பொம்பளை. அவளைத் தூக்கிட்டுப் போய் நீரு செக்போஸ்ட் வாசல்ல நிக்கப் போறீரா? காலம் கெட்டுக் கெடக்கு. இப்பம் ஒருத்தனைப் பிடிச்சு உள்ள போட்டா ஏன்னு கேக்க நாதி கெடையாது."

அவர் பயந்ததிலும் பொய்யில்லை. நெருக்கடிநிலை அமலில் இருந்த சமயம். அவருக்குத் தெரிந்த ஒரு வியாபாரியை, கடையில் விலைப்பலகை எழுதி வைக்கவில்லை என்று கூட்டிப்போனவர்கள், எங்கே வைத்திருக்கிறார்கள் என்றுகூடச் சொல்லாமல் அலைக்கழித்திருந்தார்கள்.

"விட்டுட்டுப் போனா செத்துரும் மாமா."

"கீழ போய் யாருகிட்டயாவது சொல்லுவோம். ஆளு அனுப்புவாங்க."

"யாரு வருவா? வந்தாலும் பிடிக்கத்தான் வருவாங்க."

"சாமி காரியத்துக்கு வந்த எடத்துல, நிச்சயம் பண்ணப் போற பையன், எவளோ ஒருத்தியை முதுகுல சுமந்துட்டுப் போறதா? நாளைக்கு நாலு பேரு என்ன பேசுவான்?" செல்லச்சாமியின் குரல் உயர்ந்தது. "நீரு இப்பம் அந்தப் பக்கம் எறங்குனீருன்னா, இந்தச் சம்பந்தம் இத்தோட சரி. சொல்லிட்டேன்."

வெள்ளத்துரை அவரைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. அவர் சொன்னதை அவன் நம்பவில்லை என்றுதான் தோன்றியது. "நீங்க பொங்கல் வச்சிட்டு எறங்குங்க மாமா. நான் ரோட்டுல விட்டுட்டு நாளைக்கு வந்திருதேன்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் பள்ளத்தில் இறங்கினான். மைதீன் தயங்கித் தயங்கி நின்றார். பிறகு தானும் இறங்கி, அந்தப் பெண்ணை அவன் முதுகில் ஏற்றித் துண்டால் சேர்த்துக் கட்டிவிட்டு வந்தார். கூடவே போகத்தான் அவருக்கு ஆசை. ஆனால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த செல்லச்சாமியைத் தனியே காட்டு வழியில் அனுப்ப மனம் வரவில்லை.

எல்லைக் கல்லைத் தாண்டும்வரை வெள்ளத்துரையின் தலை தெரிந்தது. பிறகு மேகம் மூடிக்கொண்டது.

சாஸ்தாவுக்குப் பொங்கல் நடக்கவில்லை. சாரலில் விறகு பற்றவில்லை. தேங்காயை மட்டும் உடைத்துவிட்டு இருவரும் இறங்கினார்கள்.

மறுநாள் வெள்ளத்துரை வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் செக்போஸ்டில் ராயகிரி வாத்தியார் ஒருவரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று லாரிக்காரர்கள் மூலம் பேச்சு வந்தது. செல்லச்சாமிக்கு அதைக் கேட்டதும் முதலில் வந்தது நிம்மதிதான்; நல்லவேளை, நான் போகவில்லை என்ற நிம்மதி. இரண்டாவதாக வந்தது பயம். அவன் தன் பெயரைச் சொல்லியிருப்பானோ என்று கடை வாசலில் ஜீப் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து நின்றார். அந்தப் பயம்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கோபமாக மாறியது.

ஒருநாள் கடையில் தறிக்காரர்கள் நாலைந்து பேர் நூலுக்கு நின்றுகொண்டிருந்த நேரத்தில் வெள்ளத்துரை வந்து சேர்ந்தான். உதடு வெடித்திருந்தது. ஒரு கையை உடம்போடு ஒட்டிப் பிடித்திருந்தான்.

"மாமா, கொஞ்சம் பேசணும். உள்ள போயிப் பேசுவோமா?"

செல்லச்சாமி எழுந்திருக்கவில்லை. "உம்ம கூட எனக்கு என்னவே பேச்சு? கடத்தல்காரிக கூடச் சுத்துதவனுக்குப் பொண்ணு குடுக்க எனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு? மாமாவாம் மாமா. போம்வே!"

தறிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வெள்ளத்துரை படி இறங்கிப் போனான்.

அந்தப் பேச்சு ஊரெல்லாம் சுற்றி, பள்ளிக்கூடத்துக்கும் போய்ச் சேர்ந்தது. கடத்தல்காரன் என்று பெண் வீட்டாரே சொல்லிவிட்டபிறகு விசாரிக்க என்ன இருக்கிறது? நிர்வாகம் அவனை வேலையைவிட்டு அனுப்பிவிட்டது. அவன் எந்த ஊருக்குப் போனான் என்று செல்லச்சாமி கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

சம்பந்தம் முறிந்ததை அவர் வீட்டில் சொன்னபோது பார்வதி அரிவாள்மனையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மலையில் நடந்ததை அவர் சொல்லி முடிக்கும்வரை தலை நிமிரவில்லை. அழுவாள், சண்டை போடுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அந்தப் பொம்பளை பிழைச்சாளாப்பா?"

"எனக்கென்னம்மா தெரியும்?"

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். மறுபடியும் நறுக்கத் தொடங்கினாள். அதற்குப் பிறகு வந்த மாப்பிள்ளைகளின் போட்டோ எதிலும் அவள் குற்றம் சொல்லவில்லை. "உங்க இஷ்டம்பா" என்று பார்க்காமலே திருப்பிக் கொடுத்தாள். தை மாதத்தில் தூத்துக்குடியில் கப்பல் ஏஜென்சி ஒன்றில் வேலை பார்த்த காசிராஜனுக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள். நல்ல பிள்ளை. மரியாதை தெரிந்தவர். பார்வதிக்கு அவரால் ஒரு குறையும் இல்லை. ஆனால் பிறந்த வீட்டுக்கு வந்தால் அம்மாவோடு அடுப்படியிலேயே இருந்துவிட்டுப் போவாள். அப்பாவிடம் சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்பதற்கு மேல் பேச்சு நீளாது. சின்னப் பிள்ளையில் கடைக்கு வந்து நூல் கண்டுகளை உருட்டிக்கொண்டு வாய் ஓயாமல் பேசியவள் அவள்.

வருஷங்கள் ஓடின. எண்பத்துநாலில் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் கலைந்துகொண்டிருந்த ஒரு மாலையில், செல்லச்சாமி பஸ் ஸ்டாண்டில் வெள்ளத்துரையைப் பார்த்தார். மனைவியும் குழந்தைகளும் உடன் இருந்தார்கள். காதோரம் நரை விழுந்திருந்தது. செல்லச்சாமி ஒதுங்கிப் போகப் பார்த்தார். அதற்குள் அவனே பார்த்துவிட்டுக் கும்பிட்டான்.

"நல்லா இருக்கீங்களா அண்ணாச்சி?"

"இருக்கேன். நீங்க... இப்பம் எங்கன?"

"அம்பாசமுத்திரம் பக்கம், அண்ணாச்சி. அங்கன ஒரு ஸ்கூல்ல இருக்கேன்."

அந்தப் பெண் பிழைத்தாளா என்று கேட்டுவிட வேண்டும் என்று அவருக்கு நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் பஸ் நகர, பிள்ளைகளை ஏற்றிவிட்டுத் தானும் தொற்றிக்கொண்டு அவன் கையசைத்தான். அண்ணாச்சி. ஊரில் பெட்டிக்கடைக்காரனிலிருந்து ரிக்‌ஷாக்காரன்வரை அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அன்று அந்தச் சொல் அவரைச் சாப்பிடவிடவில்லை.

மறுநாள் புளியங்குடிக்குப் போய் மைதீனைப் பார்த்தார். "மொட்டை ஏறணும்வே. அந்தப் பக்கமும் எறங்கணும்."

மைதீன் ஏன் என்று கேட்கவில்லை. "இந்த முழங்காலை வச்சிக்கிட்டா?" என்று மட்டும் கேட்டார்.

"ஏறித்தான் பாப்பமே."

மலை முன்னைவிட உயரமாகிவிட்டதுபோல இருந்தது. தடத்தில் புதர் மண்டியிருந்தது. அரிசித் தடை போனபிறகு அந்த வழியே ஆள் நடமாட்டம் குறைந்துவிட்டது. செல்லச்சாமி ஒவ்வொரு பாறையிலும் கையூன்றி ஏறினார். வெறுங்கையோடு ஏறுவதே இந்தப் பாடாக இருக்கிறது. அவன் ஒரு ஆளைச் சுமந்துகொண்டு, வழி தெரியாத காட்டில், சாரலில் இறங்கினான். அவர் எல்லைக் கல்லருகே உட்கார்ந்துவிட்டார். அந்தப் பக்கம் பச்சைப் பசேலென்று சரிவு இறங்கிக்கொண்டே போயிற்று. எத்தனையோ தடவை சாஸ்தாவுக்கு வந்தும், அந்தக் கல்லுக்கு அப்பால் அவர் கால் வைத்ததில்லை.

எஸ்டேட் ரோட்டில் இறங்கி மைதீன் மலையாளத்தில் விசாரித்தார். ஆமினாளையா என்று சிரித்துக்கொண்டு, வளைவில் இருந்த சாயாக்கடையைக் காட்டினார்கள். தகரக் கூரையின் கீழ் பாய்லர் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து ஆமினாள் டீ ஆற்றினாள். பிழைத்துத்தான் இருந்தாள். செல்லச்சாமிக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு லேசாயிற்று. அத்தோடு எழுந்து போயிருக்கலாம்.

மைதீன் மெல்லப் பேச்சுக் கொடுத்தார். ராயகிரிப் பக்கத்து ஆட்கள் என்றதும் அவள் மகிழ்ந்துபோனாள்.

"ராயகிரியா? அந்தப் பக்கத்துத் தம்பி ஒருத்தராலதான் அண்ணே இந்த உசுரு கெடக்குது. மொட்டையில விழுந்து கெடந்தேன். அல்லாதான் அவரை அனுப்புனான். முதுகுல தூக்கிட்டு வந்து ஆஸ்பத்திரியில போட்டுட்டு, எனக்கு நெனைவு வர்றமட்டும் பக்கத்துலயே இருந்துச்சு. அதுதான் தப்பாப் போச்சு. செக்போஸ்ட்டுலயிருந்து வந்து பிடிச்சுக்கிட்டாங்க."

"அடிச்சாங்களாம்மா?" மைதீன் கேட்டார்.

"அடியா? கை இறங்கிப் போச்சுண்ணே. இன்னும் ரெண்டு பேரு மலையில நின்னதை யாரோ பாத்துச் சொல்லிட்டாங்களாமே, அவங்கதான் மொதலாளிகளா, பேரைச் சொல்லுன்னு கேட்டுக் கேட்டு அடிச்சிருக்காங்க. நான் அந்த ரெண்டு பேரையும் சரியாப் பாக்கல, கண்ணு இருட்டிக்கிட்டு இருந்துச்சு. அந்தத் தம்பி தனியா வந்தேன், தனியா வந்தேன்னே கடைசிவரை சொல்லியிருக்கு."

செல்லச்சாமி டீ டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டார்.

"எறங்கி வர்ற வழியில நான் வலியில கத்தும்போது எதையாவது பேசிக்கிட்டே வந்துச்சு. ஆவணியில நிச்சயமாம். மாமனார் கோவிச்சுக்கிட்டாருன்னு சொல்லுச்சு. என்னாலதானே தம்பின்னு நான் அழுதேன். அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா, நல்ல மனுசன்தான், கொஞ்சம் பயந்த சுபாவம், ரெண்டு நாள்ல சரியாயிருவாருன்னு சிரிச்சுது." அவள் அடுப்பில் விறகைத் தள்ளினாள். "கல்யாணம் நல்லபடியா நடந்திருக்கும்ல? உங்களுக்கு அவரைத் தெரியுமா?"

மைதீன் செல்லச்சாமியைப் பார்த்தார். அந்த மாமனார் நான்தான் என்று சொல்ல செல்லச்சாமிக்கு வாய் வரவில்லை.

"தெரியும். கல்யாணம் ஆயிட்டு. பிள்ளைக இருக்கு" என்றார் தரையைப் பார்த்தபடி.

"அல்ஹம்துலில்லா" என்றாள் ஆமினாள். டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்று பிடிவாதமாக மறுத்துவிட்டாள்.

திரும்பி ஏறும்போது வழியில் மைதீன் சொன்னார்: "நானாவது அவங்கூடப் போயிருக்கணும்வே. எனக்கு மலையாளம் தெரியும். செக்போஸ்ட்டுல ஆளு தெரியும். ஒரு வார்த்தை சொல்லி விடுவிச்சிருப்பேன்." தனக்காகத்தான் இவர் அன்று போகாமல் நின்றார் என்பது செல்லச்சாமிக்குத் தெரியும்.

அந்த வாரமே தூத்துக்குடிக்குப் போனார். காசிராஜன் ஆபீசுக்குப் போயிருந்தார். பார்வதி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். செல்லச்சாமி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். மலையேறியது, சாயாக்கடை, சாய்ந்து நடக்கிற கால், செக்போஸ்ட்டில் அடித்தது, கை இறங்கிப் போனது, அவன் யார் பேரையும் சொல்லாதது, வழியில் அவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தது. சொல்லச் சொல்ல அவருடைய பாரம் இறங்கிக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் தப்புப் பண்ணிட்டேன் தாயி" என்றார்.

பார்வதியின் கை ஒரு சின்னச் சட்டையின் மேல் நின்றுவிட்டது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அவுகளை அடிச்சாங்களா?"

"ஆமாம்மா."

தெருவில் உப்பு லாரி ஒன்று போயிற்று. பிறகு திரும்பாமலே சொன்னாள்: "அந்தப் பொம்பளை பிழைச்சிட்டான்னு மட்டும் சொல்லியிருக்கலாம்லப்பா. அன்னைக்கு நான் கேட்டது அதைத்தானே?"

அப்போதுதான் செல்லச்சாமிக்கு உறைத்தது. இத்தனை வருஷம் இவள் அதையெல்லாம் எப்படியோ மூடி வைத்து, அதன்மேல் ஒரு குடித்தனத்தையும் கட்டியிருந்தாள். தன் மனசு லேசாக வேண்டும் என்பதற்காக அந்த மூடியை இழுத்துத் திறந்துவிட்டார். இனி திருப்பி எடுத்துக்கொள்ளவும் முடியாது.

பார்வதி எழுந்து சோறு போட்டாள். மீன் வேண்டாம் என்று டாக்டர் சொன்னதால் பருப்பும் கத்திரிக்காயும் வைத்தாள். சாப்பிட்டு முடிக்கும்வரை நின்று பரிமாறினாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் காசிராஜன்தான் பஸ் ஏற்றிவிட வந்தார். ஜன்னலோர சீட்டைப் பிடித்துக் கொடுத்து, சோடா வாங்கி உடைத்து நீட்டினார். "என்ன மாமா, ஒரு மாதிரியா இருக்கீங்க? உடம்புக்கு எதுவுமா?"

"ஒண்ணுமில்ல மாப்ளே. மலை ஏறினது, காலு வலிக்கு" என்றார் செல்லச்சாமி.